கடலுக்குப் போகிற ஆளுக்கு உடற்பயிற்சி அட்டவணை போடும் வெப் ஆப்: எதைக் கேட்பது, எதைக் கணக்கில் சேர்ப்பது?

மார்ச் 2, இரவு 9.40 · தங்கச்சிமடம்

நம்ம கரை ஆட்களுக்கென்று ஒரு வெப் ஆப் கட்டிக்கொண்டிருக்கிறேன். வயது, உயரம், எடை, நோக்கம், வாரத்தில் எத்தனை நாள். இந்த ஐந்தையும் வாங்கி ஏஐ மாடலுக்கு அனுப்புவது, அது தரும் 12 வார அட்டவணையைத் திரையில் காட்டுவது. இவ்வளவுதான் திட்டம். விசைப்படகில் போகும் பையன்கள், கடல்பாசி எடுக்கும் பெண்கள், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் காலேஜ் பிள்ளைகள், இவர்கள்தான் பயன்படுத்தப் போகிறவர்கள். தனியாக லாஜிக் எழுதுவது வீண்வேலை, மாடலே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 11.15 · மண்டபம்

தம்பி, ஐந்து கேள்வி கேட்கிறாய், முக்கியமானது அதில் இல்லை. "நேற்று என்ன வேலை பார்த்தீங்க?" இதைக் கேட்காமல் போடும் அட்டவணை, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்குத்தான் பொருந்தும். ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு விடியற்காலை கரையேறுகிறவனுக்கு "திங்கள்: கனமான டெட்லிஃப்ட் 5 செட்" என்று, அதாவது தரையிலிருந்து கனத்தைத் தூக்குவதை ஐந்து தொகுப்பாகச் செய் என்று காட்டினால் இடுப்பு போய்விடும்.

மாடலிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பயிற்சிக்கு மூன்று பெயர் வைக்கும். எட்டாம் வாரம் கொடுத்த எடை ஒன்பதாம் வாரத்தில் அதற்கு நினைவிருக்காது. "முழங்கால் வலி" என்று எழுதிக் கொடுத்தாலும் நான்காம் வாரத்தில் குதிக்கும் பயிற்சி வந்து நிற்கும். அதே ஆள் அதே விவரத்தை மறுபடி கொடுத்தால் வேறு அட்டவணை வரும். ஏன் மாறியது என்று அவன் கேட்டால் உன்னிடம் பதில் இருக்காது.

முடிவெடுப்பதை விதிகளிடம் விடு. பயிற்சிகளுக்கு ஒரு டேபிள் போடு. அதில் ஐடி, அசைவு வகை (தள்ளுதல், இழுத்தல், குந்துதல், இடுப்பை மடக்கித் தூக்குதல், சுமந்து நடத்தல்), தேவைப்படும் பொருள், எந்த மூட்டில் பாரம் இறங்குகிறது, கடினம் 1 முதல் 5 வரை, இதைவிட எளியதன் ஐடி, இதைவிடக் கடினமானதன் ஐடி, இவ்வளவு இருந்தால் போதும். 60 பயிற்சி தாராளம். வடிகட்டும் வரிசையை மாற்றாதே: முதலில் உடம்புக்கு ஆகாததைத் தள்ளு, அடுத்து கையில் பொருள் இல்லாததைத் தள்ளு, பிறகு அசைவு வகைக்கு இத்தனை செட் என்ற ஒதுக்கீட்டை நிரப்பு, மிச்சத்தில் ரேண்டமாகத் தேர்ந்தெடு. ரேண்டத்துக்கு விதை எண்ணாக பயனர் ஐடியையும் சுற்று எண்ணையும் சேர்த்துக் கொடு. எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே அட்டவணை வரும். ஒவ்வொரு அட்டவணையோடும் விதிகளின் பதிப்பு எண்ணையும் சேமித்து வை.

மாடலுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. விதிகள் முடிவு செய்ததை நல்ல தமிழில் விளக்கி எழுத அதை விடு. எண் எதையும் அது தொடக் கூடாது.

மார்ச் 3, காலை 6.05 · கீழக்கரை

மண்டபம் காக்கா (அண்ணன்) சொன்ன அந்தக் கேள்வியை எண்ணாக மாற்ற வழி இருக்கிறது. பயிற்சித் துறையில் பல காலமாகப் புழங்கும் முறைதான்: வேலை எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஓர் எண்ணைக் கேட்டு, அதை நிமிடத்தால் பெருக்குவது. 45 நிமிடப் பயிற்சி, கஷ்டம் 7 என்றால் சுமை 315. கடல் வேலைக்கும் அதே அளவுகோலை வைத்துக் கேளுங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டலாம்.

கூட்டிய எண்ணை ஊருக்கெல்லாம் பொதுவான ஓர் எல்லையோடு ஒப்பிடாதீர்கள். அந்த ஆளின் கடந்த 28 நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். நேற்றைய சுமை அந்தச் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் இன்றைக்கு இழுக்கும் செட்டும் தூக்கும் செட்டும் பாதி. தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே என்றால் எடை ஏற்றமே வேண்டாம், பழைய எடையிலேயே நிற்கட்டும். ஒன்று கவனம்: இந்த விகிதத்தை வைத்து "உங்களுக்குக் காயம் வரப்போகிறது" என்று திரையில் எழுதிவிடாதீர்கள். காயத்தை முன்கூட்டிச் சொல்ல அது உதவுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. செட்டைக் கூட்டிக் குறைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 3, மதியம் 1.20 · தொண்டி

கீழக்கரை லாத்தா (அக்கா) சொன்ன கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். காலையில் போய் மறுநாள் காலை திரும்பும் விசைப்படகில் 22 மணி நேரம் என்று வையுங்கள். 1,320 நிமிடம், கஷ்டம் 5 என்று போட்டால் 6,600 வரும். பயிற்சியின் 315 அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாமல் போகிறது. ஆப் அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் ஓய்வுதான் காட்டும்.

கடலில் இருந்த நேரத்தைக் கேட்காதீர்கள், உடம்பு வளைந்த நேரத்தைக் கேளுங்கள். வலை இழுத்தது, மீன் ரகம் பிரித்தது, பெட்டியும் ஐஸும் தூக்கியது என்று மூன்று பெட்டி போதும். இழுத்தது 40 நிமிடம், கஷ்டம் 7: 280. குந்தியிருந்து ரகம் பிரித்தது 90 நிமிடம், கஷ்டம் 3: 270. பெட்டி தூக்கியது 20 நிமிடம், கஷ்டம் 6: 120. ஆக 670. பயிற்சியோடு ஒப்பிடக்கூடிய எண் இதுதான்.

விசைப்படகா, நாட்டுப்படகா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விசைப்படகில் வலையைப் பெரும்பாலும் விஞ்சு (கயிறு சுருட்டும் இயந்திரம்) இழுக்கும். ஆளுக்குச் சுமை ரகம் பிரிப்பதிலும் பெட்டியிலும். நாட்டுப்படகில் கையால் இழுப்பது அதிகம். தோள், முன்கை, இடுப்பு மூன்றும் வாங்கும். இவனுக்குப் போய் அட்டவணையில் மறுபடி ரோயிங், புல்-அப் என்று அடுக்கக் கூடாது. தள்ளும் பயிற்சியும் கால் பயிற்சியும்தான் அவனுக்குக் குறைவாக இருப்பவை.

மார்ச் 3, மாலை 6.50 · கீழக்கரை

தொண்டி அண்ணன் சொன்ன மூன்று பெட்டிதான் சரி. அதையே வையுங்கள். கூடவே ஒன்று: உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன வாரம் 150 முதல் 300 நிமிடக் கணக்கில் வேலையின்போது உடம்பு அசைவதும் சேரும். பெட்டி தூக்குகிறவனுக்கு அதற்கு மேல் நடைப்பயிற்சி திணிக்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி என்று அதே வழிகாட்டுதலில் இருக்கிறதே, ஆப் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

மார்ச் 4, காலை 5.10 · மண்டபம்

அட்டவணையைக் கிழமையோடு கட்டாதே. இது மிக முக்கியம்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகு போகாது. மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கொடுக்கவில்லையென்றாலும் போகாது. காற்று குறைந்தால் போகவேண்டாத நாளிலும் போவார்கள். "புதன்: கால்" என்று எழுதி வைத்தால் இரண்டே வாரத்தில் பாதி அட்டவணை "தவறவிட்டது" என்று சிவப்பாகக் கிடக்கும். அதைப் பார்த்தே ஆள் ஆப்பை மூடிவிடுவான்.

பயிற்சிகளை வரிசையாக வை: அ, ஆ, இ, மறுபடி அ. டேட்டாபேஸில் தேதி வேண்டாம், வரிசை எண் போதும். "அடுத்தது எது" என்று காட்ட ஒரு சுட்டி. ஆள் ஆப்பைத் திறக்கும்போது மூன்றைப் பார்: அடுத்தது எது, அதே தசைக்குக் கடைசியாகக் கனமான வேலை கொடுத்து 48 மணி நேரம் ஆனதா, நேற்றைய சுமை என்ன. மூன்றும் ஒத்துவந்தால் கொடு. இல்லையென்றால் வரிசையில் அதற்கு அடுத்ததைக் கொடு, தள்ளியதை அப்படியே வை. தவறவிட்டது என்ற சொல்லே இந்த ஆப்பில் இருக்கக் கூடாது.

மார்ச் 4, இரவு 10.30 · தங்கச்சிமடம்

நேற்று நுழைந்த கேள்விகளையெல்லாம் படிவத்தில் சேர்த்துவிட்டேன். விதிகளும் எழுத ஆரம்பித்தாயிற்று. எடைக்குத்தான் வழி தெரியவில்லை. டம்பல் யாரிடமும் இல்லை. தண்ணீர்க் கேன், மண் மூட்டை, இவைதான். ஆப் "17.3 கிலோ" என்று காட்டுகிறது.

மார்ச் 5, காலை 7.40 · தொண்டி

20 லிட்டர் கேன் இருந்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். ஆனால் அரைக் கேன் தண்ணீர் உள்ளே அலைபாயும், தோளுக்கு மேலே தூக்கும் பயிற்சிக்கு அது ஆபத்து. அதற்கு மணல் நல்லது. காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ. ஈரம் ஏறினால் 1.9ஐ ஒட்டி வரும். கரையிலிருந்து அள்ளிய மணலைக் காயவைக்காமல் கட்டினால் இன்றைக்கு ஒரு எடை, அடுத்த வாரம் ஒரு எடை. ஐஸ் கம்பெனியிலோ ஏலக்கூடத்திலோ தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்து மூட்டையிலேயே எழுதிவிட வேண்டும்.

புல்-அப் கம்பிக்கு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்). வெல்டு வைத்த இடத்தில்தான் உப்புக் காற்று முதலில் அரிக்கும். பெயின்ட் உப்பியிருந்தால் உள்ளே துரு தின்றுவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை "கம்பியைத் தட்டிப் பாருங்கள்" என்று ஆப்பே நினைவூட்டட்டும்.

மார்ச் 5, காலை 9.15 · கீழக்கரை

அந்த 17.3க்கு விடை: பயனரிடம் "கையில் இருக்கிற எடைகள்" என்று ஒரு பட்டியல் வாங்குங்கள். ஆப் கணக்கிடும் எடையை அந்தப் பட்டியலில் அதற்குக் கீழே உள்ள எடைக்கு இறக்குங்கள், மேலே ஏற்றாதீர்கள்.

எடை தாவும்போதுதான் சிக்கல். இரண்டு லிட்டராகக் கூட்டுகிறார்கள் என்று வைப்போம். 16 கிலோவில் 8 முதல் 12 ரெப் (ஒரு செட்டில் எத்தனை முறை தூக்குவது) என்பது விதி. 12 தொட்டதும் 18க்குப் போகச் சொல்கிறீர்கள். ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையை மதிப்பிடும் எப்லி சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: எடை × (1 + ரெப் ÷ 30). 16 × 1.4 = 22.4. இதை 18ஆல் வகுத்தால் 1.244. ஒன்று போக மிச்சத்தை 30ஆல் பெருக்கினால் 7.3. அதாவது 18 கிலோவில் அவரால் முடிவது ஏழு ரெப்தான். கீழ் எல்லையான எட்டைக்கூடத் தொடமாட்டார். மறுநாள் ஆப் அவரைப் பின்னுக்கு இழுக்கும், மறுபடி ஏற்றும், மறுபடி இழுக்கும். மேல் எல்லையை 14 ஆக்குங்கள். 16 × 1.467 = 23.5, 18ஆல் வகுத்தால் 1.304, ஒன்பது ரெப் வரும். தாவல் 10 சதவீதத்துக்கு மேல் போகும் இடத்திலெல்லாம் மேல் எல்லையை இப்படிக் கூட்டிவிட வேண்டும். 15 ரெப்புக்கு மேல் இந்தச் சூத்திரத்தை நம்பாதீர்கள்.

மார்ச் 5, காலை 9.50 · மண்டபம்

எடை பற்றிப் பேசும்போதே உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பெட்டி வைத்தால் 5 அடி 10 அங்குலத்தை "5.10" என்று போடுவார்கள். கோட் அதை 5.1 அடி என்று படித்து 155 செ.மீ. ஆக்கும். உண்மை 178. அடிக்கு ஒரு பெட்டி, அங்குலத்துக்கு ஒரு பெட்டி.

மார்ச் 7, அதிகாலை 4.35 · மண்டபம்

இந்த நேரத்துக்கு எழுந்து பயிற்சி செய்கிறவர்கள் நம் கரையில் நிறையப் பேர். அதனால் வரும் கோளாறு இது. ஜாவாஸ்கிரிப்ட்டில் தேதி எடுக்க டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டுவது எல்லோரும் செய்வது. அது தருவது கிரீன்விச் நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 5.30க்கு முன் பதிவு செய்த எதுவும் முந்தின நாள் கணக்கில் போய் விழும். 4.30க்குச் செய்த பயிற்சியும் முந்தின நாள் மாலை செய்ததும் ஒரே தேதியில் சேரும், சுமை இரண்டு மடங்காகும், ஆப் காரணமில்லாமல் ஓய்வு கொடுக்கும்.

நடந்த கணத்தை கிரீன்விச் நேரமாக டேபிளின் ஒரு நெடுவரிசையில் சேமி. "எந்த நாள்" என்பதை ஆசியா/கொல்கத்தா மண்டலத்தில் கணக்கிட்டு, தனியாக இன்னொரு நெடுவரிசையில் வெறும் தேதியாகச் சேமி. கடல் பயணம் நள்ளிரவைத் தாண்டும். அதன் சுமையைக் கரையேறிய நாளில் போடு.

மார்ச் 8, இரவு 8.10 · தங்கச்சிமடம்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் வருகிறது. அப்போது எல்லோரும் சும்மா இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு மீனவர் எல்லோருக்கும் ஒரே தனி அட்டவணை போட்டுவிடலாமா?

மார்ச் 8, இரவு 9.45 · தொண்டி

எல்லோருக்கும் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நிற்பது விசைப்படகுகள். நாட்டுப்படகு அப்போதும் போகும். தேதியைப் பார்த்து ஆப் தானாக மாற்றினால் நாட்டுப்படகு ஆளுக்கு இழுக்கும் பயிற்சி இரட்டிப்பாகிவிடும். விசைப்படகு ஆட்களும் சும்மா இருப்பதில்லை. படகைக் கரையேற்றி மராமத்து, பெயின்ட், வலை பின்னுவது என்று ஓடும். சிலர் வேறு கரைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். "தடைக்காலத்தில் எங்கே இருப்பீங்க, என்ன வேலை?" என்று கேட்டுவிட்டே மாற்ற வேண்டும்.

மார்ச் 8, இரவு 10.30 · கீழக்கரை

கரையில் இருக்கிற விசைப்படகு ஆளுக்கு இந்த 61 நாள் பெரிய வாய்ப்பு. 5 + 56 என்று பிரியுங்கள். ஏப்ரல் 15 முதல் 19 வரை அளவெடுப்பு: எத்தனை புஷ்-அப், எந்த எடையில் எத்தனை ரெப், எவ்வளவு நேரம் தொங்க முடிகிறது. ஏப்ரல் 20இலிருந்து மூன்று வாரம் ஏற்றம், ஒரு வாரம் இறக்கம். அதே மாதிரி இன்னொரு முறை. இரண்டாவது இறக்க வாரம் ஜூன் 8 முதல் 14 வரை வந்து விழும். ஆள் களைப்பில்லாமல் 15ஆம் தேதி படகேறுவார். ஏற்ற வாரங்களில் பெரிய தசைக்கு வாரம் 8 செட்டில் தொடங்கி 12 வரை போகலாம்.

கடலுக்குத் திரும்பிய முதல் இரண்டு வாரம் இழுக்கும் செட்டைப் பாதியாக்குங்கள். இரண்டு மாதம் விட்டுப்போன கைக்குக் கயிறு புதுசு, தோல் உரியும். வலு கூடியிருந்தாலும் உள்ளங்கை பழகியிருக்காது.

மார்ச் 10, காலை 11.00 · கீழக்கரை

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கப் போகிறவர்கள் மூச்சடக்கி முங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் பறிக்கிறார்கள். விரலில் துணி சுற்றியிருந்தாலும் பாறை கீறிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறிய கீறல் நாலைந்து நாள் மூடாது. எனவே "கையில் காயம்" என்று ஒரு பொத்தான் வேண்டும். அழுத்தினால் கேன் பிடிக்கிறது, கம்பியில் தொங்குகிறது எல்லாம் போய், பையைத் தோளில் போட்டுக் குந்துவது, சுவரில் சாய்ந்து உட்காருவது, இடுப்புப் பாலம் (மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது) போன்றவை வர வேண்டும். முங்கின நாளில் மூச்சிறைக்கும் இடைவெளி ஓட்டம் கொடுக்கவே கூடாது. வேலைக் கணக்கிலும் அவர்களுக்கு வேறு பெட்டிகள்: தண்ணீருக்குள் இருந்த நிமிடம், பாசி மூட்டை சுமந்த நிமிடம், வீட்டுத் தண்ணீர் சுமந்தது. கடைசியாகச் சொன்னதை அவர்களே வேலையாக எண்ணமாட்டார்கள், அதனால் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முதல் திரையில் உடல்நலக் கேள்விகள் இருந்தே ஆக வேண்டும்: நெஞ்சுவலி, மயக்கம், இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், மூட்டுக் கோளாறு, மாத்திரை, கர்ப்பம். ஒன்றுக்கு ஆம் என்றாலும் அட்டவணை போடாமல் நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்தத் தடை சர்வரிலும் இருக்கட்டும். திரையில் மட்டும் வைத்தால் பழைய பதிப்பு போனில் கிடப்பவர் தாண்டிவிடுவார். நாடித்துடிப்பு இலக்கை 220 − வயது என்று போடுவதையும் விடுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில துடிப்பையே குறைத்துவிடும். "பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது" என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

மார்ச் 10, மதியம் 12.30 · கீழக்கரை

நோன்பு நடந்துகொண்டிருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், பிறை பார்த்துத்தான் முடிவாகும். தேதியைக் கோடில் எழுதாதீர்கள். "நோன்பு வைத்திருக்கிறேன்" என்ற பொத்தானைப் பயனரே போட்டு எடுக்கட்டும். போட்டால் செட் மூன்றில் ஒரு பங்கு குறையட்டும், எடை ஏற்றம் நிற்கட்டும், நேரம் நோன்பு திறந்த பிறகு என்று மாறட்டும்.

மார்ச் 12, மாலை 5.40 · தொண்டி

போலீஸ் தேர்வுப் பிள்ளைகளுக்கு. 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டுமென்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 112 நொடி. கடற்கரையில் ஓடிய நேரத்தை அப்படியே இந்தக் கணக்கில் போடாதீர்கள். கால் புதையும் மணலில் ஓட, கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவாகும். "எங்கே ஓடினீங்க: ரோடு, கெட்டி மணல், புதை மணல்" என்று கேளுங்கள். வேக இலக்கை ரோட்டு ஓட்டத்திலிருந்து மட்டும் எடுங்கள். அலை நனைத்த கெட்டி மணல் ஓட நன்றாக இருக்கும், ஆனால் கடல் பக்கம் சரிவு. ஒரே திசையில் ஓடினால் ஒரு கணுக்காலும் ஒரு இடுப்பும்தான் வாங்கும். பாதித் தூரத்தில் திரும்பச் சொல்லுங்கள்.

மார்ச் 13, இரவு 11.20 · மண்டபம்

கடலில் சிக்னல் இருக்காது. ஆப் முழுக்க ஆஃப்லைனில் ஓட வேண்டும். இணைப்பு இல்லாதபோதும் பக்கத்தைத் திறக்க வைக்கும் சர்வீஸ் வொர்க்கர் போட்டு, பதிவுகளை பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இன்டெக்ஸ்டு-டிபி என்ற சேமிப்பில் வை. விதிகள் போனிலேயே ஓடட்டும். முன்பு சொன்ன விதை எண்ணுக்கும் பதிப்பு எண்ணுக்கும் பயன் இங்கேதான்: போனும் சர்வரும் ஒரே விடை சொல்லும். வீடியோ வேண்டாம். பயிற்சிக்கு இரண்டு நிலைக் கோட்டுப்படம், 20 கேபிக்குள். 60 பயிற்சிக்கும் சேர்த்து 1.2 எம்பி.

ஒவ்வொரு செட் பதிவுக்கும் தனித்த ஐடியைப் போனே உருவாக்கட்டும். சர்வரில் அதே ஐடி ஏற்கெனவே இருந்தால் சும்மா விட்டுவிடு. சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் ஒரே பதிவு மூன்று முறை வந்து சேரும். இது இல்லையென்றால் சுமைக் கணக்கு வீங்கிவிடும். ஆப் மூடியிருக்கும்போதே பிரவுசர் பதிவை அனுப்பும் பின்னணி ஒத்திசைவை நம்பியிராதே, குரோமில் உண்டு, சஃபாரியில் இல்லை. ஆப்பைத் திறக்கும்போதும் இணைப்பு வரும்போதும் நீயே அனுப்பு. ஐபோனில் தளத்தைத் தொடாமல் ஏழு நாள் சஃபாரியைப் பயன்படுத்தினால், தளம் சேமித்ததை அது அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்த ஆப்புக்கு அந்தக் கெடு இல்லை. அதனால் முதல் பதிவுக்கு முன்பே "முகப்பில் சேருங்கள்" என்று கேள்.

மார்ச் 14, காலை 8.00 · மண்டபம்

தேடல் பெட்டியில் தமிழ் சிக்கும். "கொ"வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்று. "பௌர்ணமி" என்பதை ள எழுத்துப் போட்டு "பெளர்ணமி" என்று அடிப்பவர்களுக்கு என்எஃப்சி உதவாது. அதற்காக எல்லா "ெள"வையும் மாற்றிவிடாதே, "வெள்ளை" உடைந்துவிடும். தேடும்போது மட்டும் இரண்டு வடிவத்தையும் தேடு.

மார்ச் 14, இரவு 9.30 · தங்கச்சிமடம்

என் கட்சியைக் கைவிட்டுவிட்டேன், மாடல் விளக்கம் எழுத மட்டும்தான். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் சேர்ப்பதா வேண்டாமா?

மார்ச் 14, இரவு 10.50 · மண்டபம்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18க்குக் கீழே குழந்தைதான். பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்து வாங்க வேண்டும். அந்த ஏற்பாடு கட்டும்வரை சேர்க்காதே. எடை, மாத்திரை, கர்ப்பம் என்று வாங்குவதால் அழிக்கும் பொத்தான் முதல் பதிப்பிலேயே இருக்கட்டும். அழித்தால் போனிலும் சர்வரிலும் போக வேண்டும், பேக்கப்பிலும் எத்தனை நாளில் போகும் என்று எழுதி வை.

வெளியிடுவதற்கு முன் பொய்ப் பயனர்கள் ஐந்நூறு பேரை உருவாக்கி ஓட்டு. விசைப்படகு, நாட்டுப்படகு, பாசி, மாணவர். முழங்கால் வலி உள்ளவர், கைக் காயம் உள்ளவர், நோன்பு வைத்தவர். அதிகாலை 4 மணிக்குப் பதிபவர். ஒவ்வொருவருக்கும் 12 வாரம். விலக்கிய பயிற்சி எங்காவது வந்ததா, 48 மணி நேரம் எங்காவது உடைந்ததா, கையில் இல்லாத எடை எங்காவது காட்டியதா, எந்தப் பயிற்சியும் மிஞ்சாமல் வெற்றுத் திரை யாருக்காவது வந்ததா என்று பார். கைக் காயமும் முழங்கால் வலியும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தால் வெற்றுத் திரை வர வாய்ப்பு அதிகம், முதலில் அந்தச் சேர்க்கையை ஓட்டிப் பார்.